வானும் துருசும்

குளத்தை நம்பி வேளாண்மை செய்யும் நாட்டில் நீரை இறக்கும் வழிகளுக்குப் புதிய சொல் தேட வேண்டியதில்லை. நீர் ஓர் அளவைத் தாண்டியதும் யாரும் தொடாமலே வழிந்து போனால் அது வான். ஆள் நின்று திறந்து, அளந்து விட்டால் அது துருசு. கடல்நீர் மீன்தொட்டியின் நீரைக் கீழேயுள்ள சம்ப் தொட்டிக்கு இறக்கும் அமைப்புகளை எடைபோட இந்த ஒரு வேறுபாடே எனக்கு உரைகல்.

மூதூரிலிருந்து சம்பூர் போகும் வழியில், கட்டைபறிச்சானில் ஒரு வீட்டு முன்னறை. அதில் 120×45×45 செ.மீ. அளவில், 243 லீற்றர் கொள்ளும் தொட்டி ஒன்று வைப்பதாகக் கொள்வோம். கடல் பக்கத்திலேயே இருக்கச் சம்ப் எதற்கு என்று கேட்பது நியாயமே. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961 இல் எழுதிய கட்டுரை காற்றுக் குமிழி, உயிருள்ள பாறை, இயற்கைக் கடல்நீர் என்ற மூன்றோடு நின்றது. எளிமையில் அதை விஞ்சிய முறையை நான் கண்டதில்லை. ஆனால் நல்ல கடல்நீர் எப்போதும் கிடைக்கும் என்பது அதன் மறைமுக எடுகோள். அருகிலுள்ள கொட்டியாரக் குடாவிலோ மகாவலி ஆறு வந்து விழுகிறது. மாரியில் ஆறு பெருகினால் கரையில் அள்ளும் வாளி நீரில் உப்புக் குறைந்திருக்கும். கோடையில் நல்ல நீரை எடுத்து, அதன் மொத்த அளவைக் கூட்டி வைத்துக்கொள்பவனே மாரியைத் தாண்டுவான். சம்ப் முதலில் ஒரு நீர்க்கையிருப்பு. வடிகட்டி வைக்கும் இடம் என்பது அதன் இரண்டாம் பயன்தான்.

வேறு நன்மைகளும் உண்டு. வழியும் நீர் மேற்பரப்பில் படியும் பிசுக்கைத் தன்னோடு இழுத்துச் செல்வதால் காற்று நீரில் கலக்க வழி பிறக்கிறது. 30 பாகை வெப்பத்தில் கடல்நீர் ஏந்தக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் மட்டுமே என்பதால் நம் வெக்கையில் இது சிறிய உதவியல்ல. நீர் ஆவியாகிக் குறைவதும் மேல்தொட்டியில் தெரியாது, நீரை மேலே ஏற்றும் பம்பி நிற்கும் சம்பின் கடைசி அறையில் மட்டுமே மட்டம் இறங்கும். அங்கே நன்னீர் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகிப் போகாததால் கடல்நீர் ஊற்றுவது பிழை.

இனி வழிவகைகள். கண்ணாடி விளிம்பில் மாட்டும் பெட்டி துளை கேட்பதில்லை, வாங்கிய தொட்டியை அப்படியே பயன்படுத்தலாம். இந்தக் கவர்ச்சி உண்மையானது, குறையும் அதே அளவுக்கு உண்மையானது. விளிம்பைத் தாண்டி நீரை இறக்கும் அதன் வளைகுழாயின் உச்சியில் காற்றுச் சேர்ந்தால் சைபன் அறும். மின்சாரம் நின்று மீண்டும் வரும்போது பம்பி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும், கீழே இறங்க வழியிராது. 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

ரிச்சர்ட் டர்சோவின் பெயரால் வழங்கும் நிலைக்குழாய் தூய வான். எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டியதில்லை, தானே தொடங்கும். ஆனால் காற்றும் நீரும் ஒன்றாக இறங்குவதால் குழாயின் கொள்திறன் குறைகிறது, சத்தமும் முற்றாகப் போவதில்லை. அதைவிடப் பெரிய குறை, ஒரே குழாய் என்பது. ஒரு நத்தை போதும் அதை அடைக்க.

ஹெர்பி முறை ஒரு துருசையும் அதற்குக் காவலாக ஒரு வானையும் வைக்கிறது. வால்வால் நெரித்த முழுச் சைபன் ஓசையே இல்லாமல் ஓடும். உயரத்தில் நிற்கும் இரண்டாம் குழாய் அவசரத்துக்கு. அழகான தீர்வு. ஆயினும் ஏறும் நீரும் இறங்கும் நீரும் துல்லியமாகச் சமப்பட வேண்டும். பம்பியில் சுண்ணாம்பு படிந்தால் அந்தச் சமன் குலையும், வால்வைத் திரும்பத் திரும்பத் தொட வேண்டிவரும். துருசின் இயல்பு அது.

பீன் அனிமல் முறை இந்தக் குறையை நேராகத் தொட்டது. சைபனுக்கும் அவசரக் குழாய்க்கும் நடுவே மூன்றாவதாக ஒரு திறந்த குழாய் சிறு வழிவை ஏற்று வித்தியாசத்தைத் தானே சரிக்கட்டுகிறது. சைபன் அடைபட்டு மட்டம் உயர்ந்தால் திறந்த குழாய்க்குக் காற்று விடும் சிறு குழாயின் வாயை நீர் மூடும், அந்தக் கணமே திறந்த குழாயும் சைபனாகிவிடும். முறையின் ஒருமைப்பாட்டில் மற்ற எதுவும் இதன் அருகே வராது. குறை, அளவு பற்றியது. பெரிய தொட்டிகளுக்கான ஒன்றரை அங்குலக் குழாயை நம் 243 லீற்றருக்கு நகலெடுப்பது தவறு. மணிக்கு 1000 லீற்றர் ஓட்டமே இங்கு தாராளம். அதற்கு ஒன்றரை அங்குல வால்வைக் கீற்றளவுக்கு நெரிக்க வேண்டும், கீற்றில் பாசி சிக்கும். முக்கால் அங்குலம் போதும். அவசரக் குழாய் மட்டும் சைபனைவிடச் சிறிதாக இருக்கலாகாது.

ஆகவே என் தீர்ப்பு மூன்று குழாய்க்கே. ஆனால் எந்தக் குழாயும் கணக்குப் பிழையைத் திருத்தாது. இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் 5.4 லீற்றர். பம்பி நின்றதும் மேல்தொட்டி 3 செ.மீ. இறங்கினால் 16 லீற்றர், குழாயிலும் நீர் வழிந்து விழும் அறையிலும் நிற்கும் நீர் 5 என்று வைத்தால் 21. சம்பின் அடிப்பரப்பு 75×35 செ.மீ. என்றால் அங்கே நீர் 8 செ.மீ. ஏறும். 40 செ.மீ. உயரச் சம்பை 25 இல் ஓட்டினால் இடம் மிஞ்சும். எதிர்ச் சோதனையும் வேண்டும். எல்லா வழியும் அடைபட்டால் பம்பி தன் அறையை வற்றும்வரை இறைக்கும். 20 செ.மீ. அகல அறையில் 17.5 லீற்றர், மேலே 3.2 செ.மீ. உயர்வு. விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. விட்டிருந்தால் தரை நனையாது. பம்பி நின்றதும் நீர் திரும்பு குழாய் வழியே பின்னோக்கி இறங்குவதைத் தடுக்க ஒருவழி வால்வை நம்ப வேண்டாம், உப்பும் புழுக்கூடும் அதைத் திறந்தபடி இறுக்கிவிடும். அந்தக் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை நம்பகமானது, அடைபடாமல் பார்த்துக்கொண்டால்.

துளையிடும் முன் கண்ணாடி பதப்படுத்தியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பதப்படுத்தியது சிதறிவிடும். சைபன் குழாயின் முனை சம்ப் நீரில் ஓர் அங்குலம் மட்டும் அமிழட்டும். கூடுதலாக அமிழ்ந்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியேறத் திணறும். அளவு சரியாக இருந்தாலும் நள்ளிரவில் கரண்ட் வரும்போது குழாய்கள் ஓரிரு நிமிடம் கொறகொறத்து வீட்டை எழுப்பும். அதை நான் குறையாகக் கணக்கிடவில்லை. தொட்டி மீண்டும் ஓடத் தொடங்கியதைப் படுத்தபடியே தெரிந்துகொள்ளலாம்.