ஆள் பார்த்துப் பரிமாறும் சர்வர்

ஃபைல் டவுன்லோடு ஒரு பிரவுசரில் மட்டும் சொதப்பினால், பல புரோகிராமர்கள் உடனே யூசர் ஏஜென்ட் சோதனையில் இறங்குகிறார்கள். வந்திருப்பது எந்த பிரவுசர் என்று பார்த்து, அதற்கென்று தனி ஹெடரை அனுப்பும் வழக்கம் இது. இதை மட்டம் தட்டுவது எளிது. ஆனால் ஒரு காலத்தில் வேறு வழியே இருக்கவில்லை.

தமிழில் பெயரிட்ட பிடிஎஃப்பையே எடுத்துக்கொள்வோம். பெயரைச் சதவீதக் குறிகளாக மாற்றி அனுப்பினால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 அதைத் தமிழாக்கிக் காட்டும். ஃபயர்பாக்ஸோ அந்தக் குறிகளையே பெயராகச் சேமிக்கும். ஃபயர்பாக்ஸ் அறிந்த ‘ஃபைல்நேம்*’ முறை எக்ஸ்புளோரர் 8-க்குத் தெரியாது. 2011-ல் வந்த எக்ஸ்புளோரர் 9 அதைக் கற்றுக்கொண்டது. அதே ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 6266, பழைய பிரவுசருக்கு ஆங்கில எழுத்துப் பெயர், புதியதற்கு நட்சத்திரமிட்ட யூடிஎஃப்-8 பெயர் என இரண்டையும் ஒரே ஹெடரில் தர வழி சொன்னது. சோதனைக்கான தேவை மெல்ல மறைந்தது, கோடு மறையவில்லை. 2013-ல் எக்ஸ்புளோரர் 11 தன் அடையாளத்திலிருந்து ‘எம்எஸ்ஐஇ’யை நீக்கியதும், அந்த எழுத்துகளைத் தேடிய நிபந்தனைகள் எல்லாம் ஏமாந்தன.

இதைவிடப் பெரிய குறை, நோயையே தவறாகக் கணிக்க வைப்பது. ‘நோ-கேஷ்’ ஹெடரோடு எச்டிடிபிஎஸ் வழியே வரும் ஃபைலைப் பழைய எக்ஸ்புளோரர் டிஸ்கில் வைக்க மறுத்து, டவுன்லோடையே கைவிட்டுவிடும். பிஎச்பியில் செஷன் தொடங்கினாலே அந்த ஹெடர் தானாகப் போகும். புரோகிராமர் எழுதாத வரி என்பதால் அவர் கண்ணில் படாது. எக்ஸ்புளோரருக்கு மட்டும் ஒட்டுப் போட்டவர்கள் ஏராளம். எல்லாருக்கும் ‘பிரைவேட்’ என்று அனுப்பியிருந்தாலே போதும். ஃபயர்பாக்ஸ் மீதும் இப்படி ஒரு பழி உண்டு: இடைவெளி உள்ள பெயரை முதல் சொல்லோடு வெட்டிவிடுகிறதாம். மேற்கோள்குறி இடாமல் அனுப்பியது சர்வர். மற்ற பிரவுசர்கள் அதைப் பொறுத்துக்கொண்டன, அவ்வளவுதான். நெட்வொர்க் டேபில் ஹெடரைப் படித்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும்.

இன்றும் இந்தச் சோதனைக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் திறக்கும் வெப்வியூவில், டவுன்லோடைக் கையாள ஆப் எழுதியவர் ஏற்பாடு செய்யாவிட்டால் பட்டனை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. எந்த ஹெடரும் உதவாது. அதன் யூசர் ஏஜென்டில் ‘டபிள்யூவி’ இருந்தால், ‘குரோமில் திறக்கவும்’ என்று ஒரு வரி காட்டலாம்.