சுத்தம் என்கிற பலகை: காசியில் ஒரு மரக்கறிக்காரன்

தமிழில் காசிப் பயணம் எழுதுகிறவர்கள் பலரும் ஒரு கேள்வியோடுதான் ரயிலேறுகிறார்கள்: 'அங்கே நம்ம சாப்பாடு கெடைக்குமா?' கெடைக்கும். 1813இல் தொடங்கிய நகரத்தார் சத்திரம் இருக்கிறது. கச்சோரியும் பூரியும் தயிரும் சந்துக்குச் சந்து விற்கிறார்கள். கறி, மீன், முட்டை தொடாத எனக்கு அந்த ஊரில் ஒருவேளைகூடப் பட்டினியில்லை. சிக்கல் சோற்றில் இல்லை, 'நம்ம' என்பதில் இருக்கிறது.

நாம் 'சைவம்' என்பதை அங்கே 'ஷாகாஹாரி' என்கிறார்கள். அந்தச் சொல்லில் கடவுள் இல்லை, கீரை, காய்தான். ஆனால் கடைப்பலகையில் அதற்கு முன்னால் 'ஷுத்த' வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் சொல்லிலோ மதம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான்: தட்டில் இருப்பதைச் சொல்வதுபோலச் சொல்லி, தட்டின்முன் உட்காரத் தகுந்தவர் யார் என்று தீர்மானிப்பது. சுத்தம் என்று ஒன்றை எழுதியவுடன் எழுதாமலேயே ஒரு அசுத்தம் கட்டமைக்கப்பட்டுவிடுகிறது.

காசி சிவனுடைய ஊர். அங்கேயே இந்தச் சமன்பாடு உடைகிறது. ஊரின் காவல் தெய்வமான காலபைரவருக்கு பக்தர்கள் மது படைக்கிறார்கள். நம் கண்ணப்பர் சிவனுக்கு ஊட்டியதும் பன்றிக்கறிதானே? கங்கைக்கரையில் குடியேறிய வங்காளிகளில் மீன் தின்னும் பிராமணர்கள் உண்டு. மதன்புராவில் பனாரஸ் பட்டு நெய்கிற முஸ்லிம்கள் வாழ்கிறார்கள்; 2011 கணக்குப்படி நகர மக்களில் கால்பங்குக்கு மேல் முஸ்லிம்கள். 'புனித நகரம்' என்னும் சொல்லாடலில் இவர்கள் சொந்த ஊரிலேயே விருந்தாளிகள்.

இன்னொரு இலையையும் பார்க்க வேண்டும். வங்கத்து மேல்சாதி வீடுகளில் புருஷன் செத்ததும் பெண்ணின் தட்டிலிருந்து மீன் பிடுங்கப்பட்டது. வெங்காயம், பூண்டு, மசூர் பருப்பும் போயின. அப்படிப்பட்ட பெண்கள் ஏராளமானோர் சாவை எதிர்பார்த்திருக்கக் காசிக்கு அனுப்பப்பட்டார்கள். பயணி சுத்தம் என்று சிலாகிக்கிற அதே உணவு அவர்களுக்குத் தண்டனை. அந்தப் பசி எந்தத் தலப் பெருமையில் ஏறியிருக்கிறது?

வழக்கமாக இருந்தது இப்போது வேலியாகிவிட்டது. ரிஷிகேஷில் முட்டை விற்கத் தடை போட்டதை எதிர்த்து ஹோட்டல்காரர்கள் தொடுத்த வழக்கில், 2004இல் உச்சநீதிமன்றம் தடை சரி என்றது. ஹரித்வார், ரிஷிகேஷ், முனி கி ரேத்தி மூன்றும் தனிப் பண்பாடு கொண்ட ஊர்கள், அங்கே தூய சூழல் வேண்டும் என்பது காரணம். 2017இல் உத்தரப்பிரதேச அரசு, உரிமமில்லை என்று சொல்லி இறைச்சிக்கூடங்களை மூடியது. 2019இல் வாரணாசி மாநகராட்சி கோயில்களிலிருந்து 250 மீட்டருக்குள் மதுவும் இறைச்சியும் கூடாது என்று முடிவெடுத்தது. சந்துக்கு நாலு கோயில் உள்ள பழைய நகரில் 250 மீட்டர் என்றால் எது மிஞ்சும்? பைரவருக்குப் படைக்கும் மதுவை எங்கே போய் வாங்குவது?

இங்கேதான் என்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். இந்தத் தடைகளெல்லாம் வந்துபோகிற யாத்திரிகனின் மனசு புண்படும் என்று பேசுகின்றன. அதாவது, என் இலை அவர்களுக்குச் சாட்சி. நான் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தாலே அந்தச் சாட்சியம் பதிவாகிவிடுகிறது. உயிர்க்கொலை வேண்டாம் என்று ஒருவர் கறியை விடலாம், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் விடலாம். அது அவரவர் நாக்கோடு நிற்கிற காரியம். பக்கத்து இலையில் மீன் இருந்தால் எழுந்து போகச் சொல்வது உணவுப் பழக்கம் இல்லை. அது தீண்டாமை.

ஈழத்தில் வழங்குகிற 'மரக்கறி' எனக்குப் பிடித்த சொல். அதில் சாமியும் இல்லை, சுத்தமும் இல்லை. சொல்லை மாற்றினால் சாதி போய்விடாதுதான். ஆனால் நம் பெயரில் கொடுக்கப்படும் சாட்சியத்தையாவது திரும்பப் பெறலாம். கறி தின்னாத எழுத்தாளர்கள் அடுத்த காசிக் கட்டுரையில் 'நம்ம சாப்பாடு' கிடைத்த சந்தோஷத்தை எழுதுமுன், அந்தத் தெருவில் யாருடைய சாப்பாட்டுக்கடை மூடிக்கிடக்கிறது என்றும் விசாரித்து எழுதட்டும்.