‘எல்லாம்’, ‘ஒன்று’ என்னுஞ் சொற்களின் ஆட்சியெல்லை

‘எல்லாம்’ என்பதும் ‘ஒன்று’ என்பதும் தனித்தனியே எளிய சொற்களே. இரண்டும் ஒரு வாக்கியத்திற் கூடியவழி, எது எதனை அடக்கி நிற்கின்றது என்று ஆராயாதார் இடறுவர். “ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஓர் ஆசிரியன் உளன்” என்றவழி ஆசிரியர் பலராதலுங் கூடும். “ஓர் ஆசிரியன் உளன், அவனே எல்லா மாணாக்கர்க்கும் ஆசிரியன்” என்றவழி அவன் அனைவர்க்கும் பொதுவாயினான். பின்னது மெய்யாயின், மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஆசிரியன் உளனாதல் தானே பெறப்படும். முன்னதிலிருந்து பின்னது பெறப்படாது.

அரிஸ்டாடிலின் தருக்கம் இவ்வேறுபாட்டைக் குறியிட்டுக் காட்டும் வாயிலின்றி நெடுங்காலம் நடந்தது. செருமானிய நாட்டு யேனாப் பல்கலைக்கழகத்துக் கணித ஆசிரியர் பிரேகே 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலிலேயே, அளவு காட்டும் ஒவ்வொரு சொல்லும் எதுகாறும் ஆளும் என்பது ஐயமற வரையப்பட்டது. தமிழிலக்கணத்தார் இதன் ஒரு கூற்றை முன்னரே கண்டனர். “எல்லா மாணாக்கரும் வந்திலர்” என்புழி ஒருவரும் வந்திலரோ, சிலர் மட்டும் வந்திலரோ? முற்றும்மை எச்சப்பொருள் படுதலும் உண்டெனத் தொல்காப்பியர் இடையியலில் விதந்தோதியது இத்தகைய இடம் நோக்கியே போலும்.

இனி, சைவ நூற்பொருள் விளக்குவார் சிலர், “குடத்துக்குக் குயவன்போல ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு கருத்தா உளன், ஆகலின் அனைத்துக்கும் கருத்தா ஒருவனே” என எழுதிவிடுகின்றனர். இது மேற்காட்டிய வழுவே. குடத்துக்குக் குயவனும் ஆடைக்குக் கோலிகனும் வேறாதல் கண்கூடு. எதிர்வாதி அதனையே காட்டிக் கருத்தாக்கள் பலர் என முடிப்பின் விடை என்னை? ஒவ்வொரு பொருளும் ஒருகாலத்து இல்லையாதல் கொண்டு, எல்லாப் பொருளும் ஒருங்கே இல்லையான காலம் ஒன்று உண்டெனத் துணிந்தார் என்று அக்குவினாசின் மூன்றாம் வாதத்தை மேலைத் தருக்கிகள் பலர் குறைகூறுவதும் இதுபற்றியே.

மெய்கண்டார் இவ்வழிச் செல்லவில்லை. சிவஞானபோத முதற் சூத்திரம் உலகைத் தொகுதியாக வைத்து, அஃது ஒடுங்கிய இடத்தினின்றே மீளத் தோன்றுதல் கூறி, ஒடுக்குவோனை முதலென நாட்டுகின்றது. ஒடுக்கம் முழுதுக்குமாகலின், ஒடுங்காது எஞ்சுவோனே முதல்வனாகின்றான். அவன் ஒருமை குயவன் உவமையினின்று வலிந்து பெறப்பட்டதன்று. ஆயினும், பகுதி ஒவ்வொன்றும் ஒடுங்குதல் ஒன்றே கொண்டு முழுதும் ஒருங்கு ஒடுங்கும் எனின், அவ்வழு மீண்டும் புகும். ஒருங்கொடுக்கம் தனியே சாதிக்கப்படல் வேண்டும். மீமாஞ்சகர் மறுத்ததும் அவ்விடத்தையே. குயவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் உரைகளோ அவ்விடத்தை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன.