வேற்றுமையை எழுதுதல்: கில்பர்ட் வைட்டின் கடிதங்களில் மூன்று கதிர்க்குருவிகள்

ஆய்வுச்சுருக்கம்

தோற்றத்தில் ஒத்த மூன்று கதிர்க்குருவியினங்களை ஓசை வழியே பிரித்தறிந்தமைக்காகக் கில்பர்ட் வைட்டின் 1768ஆம் ஆண்டுக் கடிதங்கள் இரண்டு போற்றப்படுகின்றன. அக்கடிதங்கள் கையாளும் விவரிப்பு முறைகள் ஒரே தரத்தன அல்ல என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. அவற்றுள் நிலைத்து நிற்கும் முறை எது, தென்னிந்தியாவுக்கு வலசை வரும் இலைக் கதிர்க்குருவிகளுக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பனவும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கில்பர்ட் வைட், எட்வர்ட் பிளைத், கதிர்க்குருவி, கள அடையாளம், ஓசை விவரிப்பு.

முன்னுரை

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த சமயகுரு கில்பர்ட் வைட். அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பான ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ 1789இல் நூலாக வெளிவந்தது. இந்நூலைப் பற்றிய மதிப்பீடுகளில், வைட் கண்ணை நம்பாமல் செவியை நம்பினார் என்னும் கூற்று அடிக்கடி இடம்பெறுகிறது. இக்கூற்று பொதுநிலையில் சரியே. ஆயினும் செவியால் அறிந்ததை அவர் எவ்வாறு எழுத்தாக்கினார் என்னும் வினா அதனால் மறைந்துவிடுகிறது. அறிதல் வேறு, அறிந்ததைப் பிறர் மீண்டும் அறியுமாறு எழுதுதல் வேறு. கள அடையாள நூல்களின் தரம் இரண்டாவதைப் பொறுத்தே அமைகிறது.

இரு கடிதங்கள்

விலங்கியலாளர் தாமஸ் பென்னன்டுக்கு 1768 ஏப்ரல் 18 அன்று எழுதிய கடிதத்தில், ஒரே இனமெனக் கருதத்தக்க சிறு குருவிகளுள் மூவகை உண்டு என்று வைட் உறுதிபடக் கூறுகிறார். எனினும் இரண்டைத்தான் நன்கறிந்ததாகவும், மூன்றாவது கைக்குக் கிட்டவில்லை எனவும் வேறுபடுத்திச் சொல்கிறார். அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று எழுதிய கடிதத்தில் மூன்று வகையின் மாதிரிகளும் தம்முன் இருப்பதாகத் தெரிவிக்கிறார். இன்று வில்லோ வார்ப்ளர், சிஃப்சாஃப், வுட் வார்ப்ளர் என வழங்கும் இனங்களே அவை. முதலில் ஓசை ஐயத்தை எழுப்பியது. பின்னர் உடற்கூறு அதனை உறுதிசெய்தது. செவிக்கும் கைக்கும் இடையே அமைந்த இவ்வரிசையே வைட்டின் உண்மையான பங்களிப்பு.

மூவகை விவரிப்பு

இக்கடிதங்களில் மூன்று விவரிப்பு முறைகள் விரவிக் கிடக்கின்றன. முதலாவது, மனித உணர்வைச் சார்ந்த அடைமொழிகள். ஒரு குருவியின் பாட்டு களிப்பும் இலகுவும் கொண்டதாகவும், மற்றொன்றின் ஒலி கடுமையானதாகவும் சொல்லப்படுகிறது. இரண்டையும் முன்பே கேட்டவருக்கு இது நினைவூட்டலாகும், கேளாதவருக்கு வழிகாட்டாது.

இரண்டாவது, அளவை. பாடும் குருவி இரண்டரை டிராம் எடையும் மற்றது இரண்டு டிராம் எடையும் கொண்டவை என்றும், முன்னது முக்கால் அங்குலம் நீளமானது என்றும் வைட் எழுதுகிறார். இன்றைய கள நூல்கள் தரும் அளவுகளில் வில்லோ வார்ப்ளரும் சிஃப்சாஃப்பும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எத்தனை பறவைகளை அளந்தார் என்பதும் அக்கடிதத்தில் இல்லை. கால்நிறம் பற்றிய குறிப்பு இதைவிட வலிமையுடையது: சிறியதன் கால்கள் கறுப்பு, மற்ற இரண்டின் கால்கள் வெளிர் ஊன்நிறம். கள நூல்கள் இக்குறிப்பை இன்றும் பயன்படுத்துகின்றன. ஆனால் கருங்கால் கொண்ட வில்லோ வார்ப்ளர்களும் உண்டு என்பதால் அதுவும் தனித்து நின்று முடிவு தராது.

மூன்றாவது முறை, ஓசையையும் இடத்தையும் அசைவையும் ஒருங்கே பிணைப்பது. வுட் வார்ப்ளர் உயர்ந்த பீச் மரக்காட்டின் உச்சியில் மட்டும் வாழ்வது, வெட்டுக்கிளியை ஒத்த ஒலியை விட்டுவிட்டு எழுப்புவது, அவ்வேளையில் சிறகைச் சற்றே நடுக்குவது என்னும் மூன்று செய்திகளும் ஒரே விவரிப்பில் இணைகின்றன. ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பறவையைக் காட்டிக்கொடுக்கும். இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இவ்விவரிப்பைக் கொண்டு அப்பறவையைக் கண்டறிய இயலும். அளவை துல்லியமாகத் தோன்றித் தளர்ந்தது; உறவுகளைச் சொன்ன விவரிப்பு எளிமையாகத் தோன்றி நிலைத்தது.

தோலும் குரலும்

வைட்டின் நூலுக்கு 1836இல் குறிப்புகளுடன் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தவர் எட்வர்ட் பிளைத். அவரே 1841 முதல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளராகப் பணியாற்றினார். விரிடானஸ், நிட்டிடஸ், மாக்னிராஸ்ட்ரிஸ் ஆகிய மூன்று இலைக் கதிர்க்குருவிப் பெயர்களை அவர் 1843இல் வழங்கினார். இன்று விரிடானஸ் கிரீனிஷ் வார்ப்ளரின் உள்ளினமாகக் கொள்ளப்படுகிறது. நிட்டிடஸ் என்பது கிரீன் வார்ப்ளர். மாக்னிராஸ்ட்ரிஸ் என்பது பேரலகு இலைக் கதிர்க்குருவி. மூன்றும் குளிர்காலத்தில் தென்னிந்தியக் காடுகளுக்கு வருகின்றன. பசுமை, பளிச்சிடும் பசுமை, பேரலகு எனப் பெயர்களும் அவற்றின் பொருளும் பதப்படுத்திய தோலைக் கையில் வைத்து ஒப்பிடுபவருக்கே முழுமையாகப் பயன்படும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த மரவிதானத்தில், பச்சை ஒளியினூடே அண்ணாந்து நோக்குபவருக்கு நிறம் பெரும்பாலும் சான்றாகாது.

அங்கும் குரலே முதற்சான்று. ஆயினும் வைட்டின் முறையை அப்படியே பெயர்த்தெடுக்க முடியாது. அவர் கேட்டது இனப்பெருக்க இடத்தில் ஒலித்த பாட்டு. வலசை வந்த பறவைகளிடம் பெரும்பாலும் கேட்பது குறுகிய அழைப்பொலி. கிரீனிஷ் வார்ப்ளரின் அழைப்பு விரைந்து இணையும் ஈரசை கொண்டது. கிரீன் வார்ப்ளரின் அழைப்பில் மூன்றாம் அசையும் கேட்கும். பேரலகு இலைக் கதிர்க்குருவியின் அழைப்பும் இரு கூறு உடையதே. ஆனால் அது தெளிந்த சீழ்க்கையாய், இரண்டாம் கூறு உயர்ந்து ஒலிக்கும். எனவே அசைகளை எண்ணுதல் மட்டும் போதாது. இணைவும் ஏற்ற இறக்கமும் உடன் குறிக்கப்பட வேண்டும்.

தமிழ் விவரிப்பின் தேவை

தமிழில் ‘கதிர்க்குருவி’ என்னும் சொல் தோட்டங்களில் நிலையாக வாழும் சாம்பல் கதிர்க்குருவியையும், நாணலிலும் மரவிதானத்திலும் குளிர்காலத்தைக் கழிக்கும் வலசைப் பறவைகளையும் ஒருங்கே சுட்டுகிறது. இப்பொதுமை குறையன்று, ஆனால் வேற்றுமையைச் சொல்லும் பொறுப்பு முழுவதும் விவரிப்பின்மேல் விழுகிறது. ‘மேற்பகுதி பச்சை, அடிப்பகுதி வெளிறியது, கண்ணுக்குமேல் புருவக்கோடு உண்டு’ என்னும் தொடர் மேற்கூறிய மூன்று இனங்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு இனத்துக்கும் உண்மையாக இருந்தும், எதையும் பிரித்துக்காட்டாத விவரிப்பு அது. ஒலியை அசையாகவும் மாத்திரையாகவும் பகுத்துணரும் மரபு தமிழ் யாப்பியலில் வேரூன்றியது. அழைப்பொலியை எழுத்தில் பதிவதற்கு அக்கலைச்சொற்களைத் தழுவிக்கொள்ளலாம். அவை கூறாத ஏற்ற இறக்கத்துக்குத் தனிக்குறியீடு தேவைப்படும்.

முடிவுரை

வைட்டின் கடிதங்கள் செவியின் வெற்றியாக மட்டும் வாசிக்கப்படும்போது, அவற்றின் உணர்வு அடைமொழிகளும் தளர்ந்த அளவைகளும் ஆய்வுக்கு உட்படாமல் போகின்றன. நிலைத்து நிற்பது ஓசை, இடம், அசைவு ஆகியவற்றைப் பிணைத்து, ஓர் இனத்தை அதன் நெருங்கிய இனத்திலிருந்து விலக்கிக் காட்டும் விவரிப்பே. ஒத்த பறவைகளை எழுதுவோர் ‘இப்பறவை எத்தகையது’ என்பதோடு நிறுத்தாமல், ‘அருகிலுள்ள மற்றதிலிருந்து எதனால் வேறுபடுகிறது’ என்பதற்கும் விடையளிக்க வேண்டும். அவ்விடை இல்லாத பதிவில் தவறான அடையாளம் நுழைந்தால், பின்னர் அதனைத் திருத்துவதற்கான சான்றும் அப்பதிவில் இராது.