தொடும் கையும் தொடப்படும் உடலும்

ஆண் பெண் உறவைப் பாடாத கலை இல்லை. எனினும், காதலின் பெயரால் ஒருவர் மற்றொருவர்மீது செலுத்தும் அதிகாரத்தை ஆராய்ந்த படைப்புகள் மிகச் சிலவே. நடனத்தைப் பொறுத்தவரை இக்குறை இன்னும் பெரிது. நாயகனுக்காக ஏங்கும் நாயகியை அது நெடுங்காலமாக ஆட வைத்து வந்திருக்கிறது. அவள் ஏன் ஏங்கவேண்டும் என்ற வினாவை அரிதாகவே எழுப்பியிருக்கிறது. அவ்வினாவை அஞ்சாது எழுப்பிய ஆக்கங்களுள் ஒன்று, ஜேர்மனிய நடன ஆசிரியை பினா பௌஷ் 1978 டிசெம்பர் 9ஆந் திகதி வுப்பெர்ற்றால் நகரில் மேடையேற்றிய 'கொன்ராக்ற்ஹோஃப்'.

பௌஷ் 1940இல் சோலிங்கன் நகரில், உணவு விடுதி நடத்திய குடும்பமொன்றிற் பிறந்தவர். எசன் நகரின் ஃபோல்க்வாங் கலைப் பள்ளியில் குர்ட் யோஸ் என்னும் ஆசானிடம் பயின்றார். போருக்கு வழிவகுக்கும் இராசதந்திரிகளின் பேச்சு மேசையைச் சாடி, 1932இல் 'பச்சை மேசை' என்னும் நடனத்தை ஆக்கியவர் யோஸ். தம் குழுவிலிருந்த யூதக் கலைஞரை விலக்க மறுத்து, 1933இல் நாட்டை விட்டு வெளியேறியவர். அவர் வழிவந்த மாணவி, 1973இல் வுப்பெர்ற்றால் நடனக் குழுவின் பொறுப்பை ஏற்றபின், நடனத்தோடு பேச்சையும் பாட்டையும் அன்றாட அசைவுகளையும் இணைத்து 'நடன அரங்கு' என்னும் வடிவத்தை வளர்த்தெடுத்தார். தொடர்ச்சியான கதையோ, தலைவன் தலைவி என்ற அமைப்போ இவ்வடிவத்துக்கு வேண்டியதில்லை.

'தொடர்பு முற்றம்' என்பது நாம் ஆராயும் படைப்பினது பெயரின் நேர்ப்பொருள். ஆனால் ஜேர்மன் மொழியில், விலைமாதரும் அவர்களை நாடி வருவோரும் சந்திக்கும் முற்றத்துக்கும் இச்சொல் வழங்குகிறது. இவ்விரு பொருள்களுக்கு இடையிலேதான் படைப்பு முழுவதும் இயங்குகின்றது. மேடை ஒரு பழைய நடன மண்டபம். சுவரோரம் நாற்காலிகள்; பளபளக்கும் மாலை உடையில் பெண்கள்; கறுத்த உடுப்பில் ஆண்கள். 1920களையும் 1930களையும் சேர்ந்த இனிய மெட்டுகள் ஒலிக்கின்றன. ஆடுபவர்கள் முன்வந்து, பார்ப்போருக்குத் தம் முகத்தையும் முதுகையும் காட்டுகின்றனர், தலைமயிரைக் கோதுகின்றனர், கைகளை நீட்டுகின்றனர், பல்லைக் காட்டுகின்றனர். மாட்டுச் சந்தையில் விலை பேசுமுன் பல்லைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு நினைவுக்கு வராதிருக்க முடியாது. ஆண்களும் இவ்வாறே தம்மைக் காட்சிப்படுத்துகின்றனர். சந்தை எவரையும் விட்டுவைப்பதில்லை. ஆயினும் சந்தைக்குள்ளே எல்லோருக்கும் ஒரே விலையும் ஒரே பலமும் இருப்பதில்லை என்பது விரைவில் தெளிவாகிறது.

சுவரோரம் ஒதுங்கி நெளியும் பெண்களை நோக்கி, ஆண்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளை நீட்டிக்கொண்டு வரிசையாக நகர்ந்து வருகின்றனர். வேறோரிடத்தில் இணையொன்று, கிள்ளுதல், தள்ளுதல் போன்ற சிறு கொடுமைகளை ஒருவருக்கொருவர் செய்து காட்டுகிறது. மற்றவர்கள் நாகரிகமாகக் கைதட்டுகின்றனர். இவற்றுக்கு நடுவே, மேடையின் இரு ஓரங்களில் அமர்ந்த ஓர் ஆணும் பெண்ணும், வெட்கச் சிரிப்போடு ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒவ்வோர் ஆடையாகக் களைகின்றனர். தொலைவில் இருக்கும்வரைதான் இவர்களால் மென்மையாக இருக்க முடிகிறது!

படைப்பின் உச்சம் முடிவை அண்டி வரும் காட்சியாகும். தனித்து நிற்கும் ஒரு பெண்ணை ஆண்கள் சூழ்கின்றனர். ஒருவன் அவள் மூக்கைத் தட்டுகிறான். ஒருவன் கன்னத்தை வருடுகிறான். ஒருவன் கையைத் தூக்கிப் பார்க்கிறான். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் அன்பின் செய்கை, எவரும் அடிக்கவில்லை. ஆனால் கைகள் பெருகப் பெருக, அன்பும் வன்முறையும் ஒன்றாகிவிடுகின்றன. எந்தக் கை முதலில் எல்லை கடந்தது என்று பார்ப்பவனால் சொல்ல முடிவதில்லை. பெண்ணின் விருப்பத்தைக் கேளாது காட்டப்படும் பரிவு அதிகாரத்தின் இன்னொரு முகமே என்பதை, ஒரு சொல்லும் பேசாது இக்காட்சி நிறுவுகிறது.

முற்போக்கு நோக்குடையோர் சிலர் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். தொழிற்சாலை எங்கே? வர்க்கம் எங்கே? அப்பெண் ஏன் எதிர்த்து நிற்கவில்லை? இக்கேள்விகள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. படைப்பு நோயைக் காட்டுகிறது. நோயின் மூலத்தைச் சுட்டுவதில்லை. ஆயினும், இது முதலில் அரங்கேறிய நாடகசாலை, எங்கெல்ஸ் 1820இற் பிறந்த பார்மன் பகுதியிலேயே நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். குடும்பத்துக்குள் ஆண் பெண்ணிடையே நிலவும் ஒடுக்குமுறையைச் சொத்துடைமையின் வரலாற்றோடு சேர்த்து 1884இல் ஆராய்ந்தவர் அவர். நூல் காரணத்தை விளக்கியது. மேடை, அக்காரணம் மனித உடலில் எவ்வாறு பழக்கமாகப் படிந்திருக்கிறது என்பதைக் காட்டியது. இரண்டும் நமக்கு வேண்டும். முடிவில் ஒரு கோஷம் இல்லை என்பதற்காக ஒரு கலைப்படைப்பைத் தள்ளிவிடுவது விமர்சனமாகாது.

இது பழக்கமே என்பதற்குப் படைப்பின் பிற்கால வரலாறே சான்று. 2000ஆம் ஆண்டில் அறுபத்தைந்து வயதைக் கடந்த, நடனம் பயிலாத ஆண் பெண்களைக் கொண்டு பௌஷ் இதனை மீண்டும் மேடையேற்றினார். 2008இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட மாணவ மாணவியரை ஆட வைத்தார். மாணவரது ஒத்திகைகளைப் பற்றிய விவரணப் படம் 2010இல் வெளிவந்தது. முதியோரின் உடலில் அந்த அசைவுகள் வாழ்ந்து முடித்த வாழ்க்கையாகத் தெரிகின்றன. இளையோரின் உடலிலோ அவை கற்கவேண்டிய பாடமாக நிற்கின்றன. வருடுவது எப்படி, ஒதுங்குவது எப்படி, சிரித்துக்கொண்டே பொறுப்பது எப்படி என அவர்கள் ஒவ்வொன்றாகப் பயில்கின்றனர். இயற்கை என்று நாம் எண்ணியிருந்தது, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக நிரூபித்தல் அரிது.

பௌஷ் 2009இல் மறைந்தார். 1978இல் ஆடியவர்களுள் ஒருவரான மெரில் ராங்காட், அன்றைய சக நடனக் கலைஞர் சிலரைச் சேர்த்து, பழைய படப்பதிவுகளோடு 2024இல் இப்படைப்பை மீட்டுத் தந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் கழிந்தும் அந்த முற்றம் காலியாகவில்லை. கற்றுக்கொண்டதை மறக்கவும் மனிதனால் முடியும் என்ற நம்பிக்கை உடையவர்களுக்கு, அங்கே இன்னும் செய்யவேண்டிய வேலை உண்டு.