மாடியில் 3 கிலோவாட் சோலார்: லாபம் விற்பதில் இல்லை, பில்லைக் குறைப்பதில்

"சோலார் போடுங்க சார், ஈபி உங்களுக்குப் பணம் கட்டும்." விற்க வருபவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில், ஈபி இணைப்போடு சேர்ந்து ஓடும் 3 கிலோவாட் ஆன்-கிரிட் அமைப்பை அக்னி நட்சத்திரத்திலும் ஐப்பசி மழையிலும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அருமையான பொருள். ஆனால் அது பணம் தருவது மின்சாரத்தை விற்பதால் அல்ல. பில்லின் உச்சி அடுக்குகளை வெட்டுவதால். இது புரிந்தால் எத்தனை கிலோவாட் வாங்குவது, வாங்கலாமா கூடாதா என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

பொருளும் விலையும்

540 வாட் பேனல்கள் ஆறு, ஒரு இன்வெர்ட்டர், துத்தநாகம் பூசிய இரும்புத் தாங்கி, எர்த்திங், இடிதாங்கி, இருவழி மீட்டர் ஆகியவை சேர்ந்ததுதான் அமைப்பு. மாடியில் சுமார் 300 சதுர அடி வேண்டும். தாங்கியை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வைத்தால் கீழே துணியும் வடாகமும் காயவைக்கலாம். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் பிடியும் கூடும். கஜா புயலைப் பார்த்த மாவட்டங்களில் தாங்கியின் கால்களைத் தளத்தோடு எப்படிப் பிணைக்கிறார்கள் என்பதை, பேனலின் கம்பெனிப் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை ஆகும். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அதே தொகைதான். இந்தியாவில் தயாரித்த செல்கள் கொண்ட பேனலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024இல் விதியைத் திருத்தியதால் விண்ணப்ப வேலையும் முன்பைவிட எளிது.

எவ்வளவு விளைகிறது?

வானம் தெளிந்த நாளில் ஒரு கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்பது நம்பத் தகுந்த கணக்கு. 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். அடைமழை நாளில் அதில் பாதிகூட வராது. இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 680 யூனிட் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

வெயில் கொளுத்தும் மே மாதத்தில்தான் அதிகம் விளையும் என்று பலர் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.3 சதவீதம் குறைகிறது. மே மதியத்தில் அது 60 டிகிரியைத் தொடும். வெளிச்சம் நிறைந்து சூடு தணிந்திருக்கும் மாசி, பங்குனி நாள்கள்தான் இந்த அமைப்புக்குப் பொற்காலம்.

வெப்பத்தைவிடப் பெரிய எதிரி நிழல். பேனல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் தென்னை ஓலையோ தண்ணீர்த் தொட்டியோ ஒன்றை மறைத்தாலும் மொத்த வரிசையும் தளரும். தெற்குப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில் வைத்தால் போதும். தூசியைக் காலையிலோ மாலையிலோ கழுவ வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பான போர்த் தண்ணீர் வெள்ளைத் திட்டு விடும் என்பதால் நல்ல தண்ணீர்தான் நல்லது.

செயலியும் மீட்டரும்

இன்வெர்ட்டரின் செயலி வைஃபை வழியே விளைச்சலைக் காட்டுகிறது. காலையில் ஏறி மாலையில் இறங்கும் கோட்டில் தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் அங்கே நிழல் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அது காட்டுவது மொத்த விளைச்சல். வெளியே போனது எவ்வளவு, உள்ளே வந்தது எவ்வளவு என்பதை இருவழி மீட்டர்தான் சொல்லும். பில்லுக்கு அந்த இரண்டு எண்கள்தான் கணக்கு. ரீடிங் எடுக்கும் நாளில் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

இருவழி மீட்டரை வைத்துக் கணக்கிடும் நெட் மீட்டர் முறையில் யூனிட்டுக்கு யூனிட் கழிகிறது. பகலில் அனுப்பிய யூனிட், இரவில் ஏசிக்கு எடுத்த யூனிட்டை ஈடுகட்டும். அதனால் வாஷிங் மெஷினை மதியம்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

பணக் கணக்கு

2024 ஜூலைக் கட்டணப்படி இரண்டு மாதத்தில் 800 யூனிட் ஓடும் வீட்டைப் பாருங்கள். முதல் 100 இலவசம். பிறகு 400 வரை 4.80, 500 வரை 6.45, 600 வரை 8.55, அதற்கு மேல் 9.65 ரூபாய். மொத்தம் 4,870 ரூபாய். சோலார் 680 யூனிட்டைக் கழித்தால் மிஞ்சுவது 120 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரையான யூனிட்டின் விலை இன்னும் குறைவு என்பதால், அதற்கான மின்கட்டணம் ஐம்பது ரூபாய்க்குள். ஆண்டுக்கு சுமார் 29,000 ரூபாய் மிச்சம். மானியம் போக 1,22,000 ரூபாய் போட்ட முதல் நான்கரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். பேனலின் திறனுக்கு உத்தரவாதமோ 25 ஆண்டு.

அதே 3 கிலோவாட்டை 400 யூனிட் ஓடும் வீட்டில் போட்டால்? அங்கே பில்லே 1,200 ரூபாய்க்குள்தான். உபரி யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையோ உச்சி அடுக்கில் நாம் கொடுக்கும் விலைக்கு அருகில்கூட வராது. பில்லில் மிச்சமாவதை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்ட காசு திரும்பப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த வீட்டுக்கு 1 கிலோவாட் போதும்.

குறைகள்

கரண்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும், நண்பகலாக இருந்தாலும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்க இது கட்டாயம். குறையென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் பேட்டரி சேர்ந்த ஹைப்ரிட் வகை வேண்டும், விலையும் ஏறும். இன்வெர்ட்டரின் ஆயுள் பேனலின் ஆயுளில் ஏறக்குறைய பாதிதான், இடையில் ஒருமுறை மாற்ற நேரும் என்று பணம் ஒதுக்கி வையுங்கள்.

வாங்கலாமா?

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் சொந்த வீடு, நிழலில்லாத மாடி, இரண்டும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். குறைவாக ஓடும் வீடுகள் சிறியதாகப் போடட்டும். அப்படிப்பட்ட வீடுகளின் மாடிகளும் நிறைய விளைவிக்க வேண்டும் என்றால், உபரி யூனிட்டுக்கு அரசு இன்னும் நல்ல விலை தர வேண்டும். பக்கத்து வீட்டு மின்விசிறியை உடனே சுழற்றும் மின்சாரம் அது. விற்பனையாளரைக் கூப்பிடுவதற்கு முன் கடந்த ஓராண்டின் ஆறு பில்களை எடுத்து வையுங்கள். எத்தனை கிலோவாட் என்று முடிவு செய்ய வேண்டியது அந்த ஆறு தாள்கள்தான், அவருடைய விலைப்பட்டியல் அல்ல.