பர்மிங்ஹாம் கணக்கை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

2023 செப்டம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சி '114ஆம் பிரிவு' அறிவிப்பை வெளியிட்டது. பதினொரு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் நகரம் அது. ஐரோப்பாவின் மிகப்பெரிய உள்ளாட்சி அமைப்பு என்று பலரும் சொல்வார்கள். மறுநாளே எல்லாப் பத்திரிகையிலும் 'திவால்' என்று தலைப்பு.

முதலில் அந்தச் சொல்லைத் தள்ளி வைத்துவிடலாம். இங்கிலாந்தில் ஒரு நகரசபை கம்பெனி மாதிரி திவாலாக முடியாது. கதவைச் சாத்திவிட்டுப் போக வழியே இல்லை. 1988ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் வருவதுதான் இந்த 114ஆம் பிரிவு. வரவை மீறிச் செலவு போகிறது என்று தெரிந்தால் தலைமை நிதி அதிகாரி அதை எழுத்தில் அறிவித்தாக வேண்டும். உடனே புதுச் செலவுகள் நிற்கும். 21 நாளுக்குள் உறுப்பினர்கள் கூடிப் பேச வேண்டும். அதாவது உள்ளே இருக்கிற ஒரு அதிகாரி அடிக்கிற அபாய மணி. வெளியே இருந்த காவல்காரர்கள் அதற்கு முன்பே ஏன் மணி அடிக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஊடகங்கள் சொன்ன கதை சுலபமானது: பெண் ஊழியர்களுக்குச் சம பள பாக்கி கொடுக்க வேண்டியிருந்ததால் நகரம் கவிழ்ந்தது. இந்தக் கதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பள்ளிச் சமையல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள், முதியோரைக் கவனித்துக்கொள்பவர்கள் எல்லாம் பெரும்பாலும் பெண்கள். குப்பை அள்ளுகிற ஆண்களுக்குக் கிடைத்த போனஸ், அதே தரத்தில் வேலை பார்த்த இவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் 170க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு மாநகராட்சி ஏறக்குறைய 110 கோடி பவுண்டு கொடுத்தது. சரி, பாடம் கற்றார்களா? குப்பைப் பிரிவில் 'வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம், முழு நாள் சம்பளம் உண்டு' என்ற வழக்கம் தொடர்ந்தது. அது அடுத்த சுற்று வழக்குகளுக்கு அழைப்பிதழ். ஏமாற்றப்பட்டவர்கள் பாக்கியைக் கேட்டதை நகரத்தின் வீழ்ச்சிக்குக் காரணமாக எழுதுவது எந்த ஊர் நியாயம்னு தெரியல.

இரண்டாவது காரணம் மென்பொருள். 2022 ஏப்ரலில் பழைய கணக்கு முறையைத் தூக்கிவிட்டு ஆரக்கிள் முறைக்கு மாறினார்கள். முதலில் போட்ட மதிப்பு 1.9 கோடி பவுண்டு. பிறகு அது 10 கோடியைத் தாண்டியது. பணம் போனது ஒரு பக்கம். வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கிற வேலையே அதில் ஓடவில்லை, ஆட்களை வைத்துக் கையால் செய்தார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு மாநகராட்சி!

இப்போது காவல்காரர்களுக்கு வருவோம். 1983 முதல் இங்கிலாந்தில் தணிக்கை ஆணையம் என்று ஒன்று இருந்தது. நகரசபைகளுக்கு ஆடிட்டரை அதுதான் நியமிக்கும். அதன் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே போதும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஓட்டுக்காக நகரசபை வீடுகளை விற்ற விவகாரத்தை ஜான் மாகில் என்ற ஆடிட்டர் வருடக்கணக்கில் தோண்டினார். அந்த நகரசபையின் முன்னாள் தலைவி ஷெர்லி போர்ட்டர் கடைசியில் 2004இல் 1.23 கோடி பவுண்டு கட்டினார். நஷ்டத்தைப் பொறுப்பானவர் பையிலிருந்தே வசூலிக்கும் சட்டம் அப்போது இருந்தது. (மாகிலும் தனியார் நிறுவனத்து ஆள்தான். ஆகவே தனியாரா அரசா என்பது இங்கே பிரச்சினையில்லை. ஆடிட்டருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான்.)

அந்த ஆணையத்தை ஒழிப்பதாக 2010 ஆகஸ்டில் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அறிவித்தார். செலவு மிச்சமாகும் என்றார்கள். 2015 மார்ச்சோடு மூடினார்கள். பிறகு ஆடிட்டரை நியமிப்பது நகரசபைகளின் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. கட்டணம் குறைந்தது, ஆடிட்டர்களும் குறைந்தார்கள். 2022-23ஆம் ஆண்டுக் கணக்குகளில் கெடுவுக்குள் தணிக்கை முடிந்தது எத்தனை தெரியுமா? இங்கிலாந்து முழுவதும் சேர்த்து 1 சதவீதம். பர்மிங்ஹாமின் கணக்குகளும் முடியாமலே கிடந்தன. 2004 முதல் 2012 வரை ஒரு கூட்டணி, அதன்பின் லேபர் கட்சி என இரு தரப்பும் அந்த நகரை ஆண்டிருக்கின்றன. ஒரு தரப்பை மட்டும் திட்டித் தப்பிக்க வழியில்லை.

மேற்பார்வை வந்தது, ஆனா எல்லாம் முடிந்த பிறகு வந்தது. 2023 அக்டோபரில் மத்திய அரசு மேக்ஸ் காலர் தலைமையில் ஆணையர்களை அனுப்பியது. நாளுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல் போன அவர்கள் ஊதியத்தைக் கொடுத்தது, பணமில்லை என்று சொன்ன அதே மாநகராட்சி. அரசு 'உதவி' என்று அறிவித்த 125 கோடி பவுண்டும் கையில் கொடுத்த பணமில்லை. சொத்தை விற்று அன்றாடச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதிதான் அதில் பெரும்பகுதி. வீட்டை விற்று அரிசி வாங்கிக்கொள், நான் தடுக்க மாட்டேன் என்பது மாதிரி. இரண்டு ஆண்டுகளில் சுமார் 30 கோடி பவுண்டு வெட்டு. கலை அமைப்புகளுக்கான மானியம் படிப்படியாக முழுசாக நின்றது. நூலக நேரம் குறைந்தது. நகரசபை வரி 2024இல் 9.99 சதவீதமும் மறு ஆண்டு ஏறக்குறைய 7.5 சதவீதமும் ஏறியது.

இதில் உறுத்துவது ஒன்று. இத்தனை வெட்டுக்கும் அடிப்படையாக இருந்த சம பள பாக்கி 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு என்பது மாநகராட்சியே போட்ட மதிப்பீடு. தணிக்கையில் தேறாத அந்த எண்ணை நம்பி இவ்வளவு பெரிய முடிவுகள் எடுத்தது சரியா என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நல்ல தணிக்கை இருந்திருந்தால் ஆபத்து முன்பே தெரிந்திருக்கும். ஆபத்து எவ்வளவு பெரியது என்பதையும் யாராவது உரசிப் பார்த்திருப்பார்கள். இரண்டும் நடக்கவில்லை. வெட்டு மட்டும் நடந்தது.

தேங்கிய கணக்குகளை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் 13 என்று ஒரு கெடு வைத்தார்கள். அதற்குள் முடியாத நூற்றுக்கணக்கான கணக்குகளில் 'எங்களால் கருத்துச் சொல்ல இயலவில்லை' என்று ஆடிட்டர்கள் எழுதி மூடினார்கள். அதே மாதம், உள்ளாட்சித் தணிக்கைக்கென்று புதிதாக ஓர் அலுவலகம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்தது. ஏற்கெனவே இருந்ததை மூடி அப்போது பத்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை.